ஆணி ஏறிய கார் டயரை ஒட்டலாமா, மாற்றணுமா?

நீங்கள் கேட்டிருப்பது இது. காரின் வலது பின் டயரில் ஆணி ஏறியிருக்கிறது. தினமும் இரண்டு மூன்று பிஎஸ்ஐ இறங்குகிறது, நீங்களும் அவ்வப்போது காற்றடித்துக்கொண்டே ஓட்டுகிறீர்கள். தெருமுனைப் பங்க்சர் கடைக்காரர் சக்கரத்தைக் கழற்றாமலே குச்சி (பசை தோய்த்த கயிறு) சொருகி 150 ரூபாயில் முடித்துத் தருகிறேன் என்கிறார். சர்வீஸ் சென்டரில் டயரையே மாற்றச் சொல்கிறார்கள். அடுத்த வாரம் குடும்பத்தோடு கோவையிலிருந்து சென்னைக்குப் போக வேண்டும். இரண்டு பேரில் யார் சொல்வது சரி என்று கேட்டிருந்தாலும், உங்கள் கவலை என்னவோ பங்க்சர் ஒட்டிய டயரை நம்பி நெடுஞ்சாலையில் நூறில் போகலாமா என்பதுதான். போகலாம், மூன்று விஷயங்கள் சரியாக இருந்தால். ஆணி டயரின் நடுப்பகுதியில் ஏறியிருக்க வேண்டும். காற்றில்லாமல் வண்டி ஓடியிருக்கக் கூடாது. டயரை ரிம்மிலிருந்து கழற்றி, உள்பக்கத்தைப் பார்த்து, உள்ளேயிருந்து ஒட்டியிருக்க வேண்டும். பல வருஷமாக டயர் பிட்டிங் வேலையில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்த மூன்றும் சரி என்றால் புது டயருக்குச் செலவு செய்ய வேண்டாம். ஆனால் குச்சியை மட்டும் சொருகிக்கொண்டு பிள்ளைகளை ஏற்றிச் சென்னைக்குக் கிளம்பாதீர்கள்.

முதலில் அந்த ஆணியைப் பிடுங்காதீர்கள். இப்போது ஓட்டையை அடைத்துக்கொண்டிருப்பதே அதுதான். வீட்டு வாசலில் குறடால் இழுத்துப் பார்த்து, சில நிமிஷத்தில் டயர் தரையோடு உட்கார்ந்துவிட, அப்புறம் ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு கடைக்கு வருகிறவர்கள் நிறையப் பேர். டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவுக்குக் காற்றடித்து, ஆணியோடேயே மெதுவாகக் கடைக்கு ஓட்டிப் போங்கள். போவதற்கு முன்னால் ஒரு சின்னச் சோதனை. சோப்புத் தண்ணீரை ஆணித் தலையைச் சுற்றி விட்டுப் பாருங்கள், வால்விலும் விட்டுப் பாருங்கள். புது டயரின் பட்டனே, அதாவது ரோட்டில் படும் ரப்பர்க் கட்டைகளே, ஏழெட்டு மில்லிமீட்டர் உயரம் இருக்கும்; அதற்கு அடியிலும் ரப்பர் உண்டு. குட்டை ஆணி அதோடு நின்றுவிடும், உள்ளே எட்டாது. ஆணி கண்ணில் பட்டதும் பழியை அதன்மேல் போட்டுவிடுகிறோம், காற்று என்னமோ வால்வு ஊசி வழியாகப் போய்க்கொண்டிருக்கும். குமிழி எங்கே வருகிறது என்று பார்த்துவிட்டால் பாதிச் சந்தேகம் தீர்ந்தது. (பின் டயரில்தான் ஆணி அதிகம் ஏறும், படுத்துக் கிடக்கிற ஆணியை முன் சக்கரம் எழுப்பிவிட்டுப் போகும் என்று தொழிலில் சொல்வார்கள். எனக்கும் நியாயமாகத்தான் படுகிறது, ஆனால் அதற்கு நான் சத்தியம் செய்யமாட்டேன்.)

அடுத்தது இடம். டயரின் இரண்டு ஓரங்களிலும் கடைசியாக இருக்கும் பட்டன் வரிசைகளை விட்டுவிடுங்கள். அவற்றுக்கு இடையில் இருக்கும் பகுதியில் ஆணி இருந்தால் ஒட்டலாம். ஓர வரிசையில் இருந்தால் ஒட்டக் கூடாது, சைடுவாலில் (டயரின் பக்கச் சுவரில்) இருந்தால் பேச்சே இல்லை. காரணம் எளிது. நடுப்பகுதியில் பட்டனுக்கு அடியில் எஃகுக் கம்பி அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. அந்த இடம் விறைப்பாக இருக்கும், அதிகம் வளையாது. ஓரத்தில் அந்த அடுக்குகள் முடிகின்றன. அங்கேதான் டயர் அதிகமாக மடங்குகிறது, சூடும் அங்கேதான் ஏறும். சைடுவாலில் எஃகு அடுக்கு கிடையாது, நூலும் ரப்பரும்தான். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போதெல்லாம் தரையில் படும் இடத்தில் அது பிதுங்கி நிமிர்கிறது. சாதாரணக் கார் டயரின் சுற்றளவு ஏறக்குறைய 2 மீட்டர். கோவை–சென்னை 500 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஒரு வழிக்கு 2.5 லட்சம் தடவை. அத்தனை தடவை மடங்கும் இடத்தில் எந்த ஒட்டும் நிற்காது. சைடுவாலையும் ஒட்டித் தருகிறேன் என்று ஒரு கடைக்காரர் சொன்னால், அவரிடம் வேறு எந்த வேலையும் கொடுக்காதீர்கள். ஓட்டையின் அளவுக்கும் ஒரு வரம்பு உண்டு. பிரிட்டனின் பிஎஸ் ஏயு 159 தரமும் சரி, அமெரிக்க டயர் தயாரிப்பாளர் சங்கத்தின் வழிமுறையும் சரி, 6 மில்லிமீட்டருக்கு மேல் போனால் ஒட்டாதே என்கின்றன. மரவேலை ஆணி, சாதாரண ஸ்க்ரூ எல்லாம் இதற்குள் அடங்கிவிடும். கட்டுமானக் கம்பித் துண்டு, பட்டா ஸ்பிரிங் துண்டு ஏறியிருந்தால் அடங்காது.

இனி உள்பக்கம். நான் இவ்வளவு நீளமாக எழுதுவதே இதற்காகத்தான். டியூப்லெஸ் டயரில் காற்றைப் பிடித்து வைப்பது உள்ளே ஒட்டியிருக்கும் ஒரு மெல்லிய ரப்பர் படலம். லைனர் என்போம். காற்று குறைந்த டயரில் வண்டி ஓடினால் சைடுவால் ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவில் மடிந்து, தன்னைத்தானே தேய்த்துக்கொள்ளும். இரண்டு மூன்று கிலோமீட்டர் முழுக்கத் தட்டையாக ஓடினாலே போதும், சைடுவால் உள்ளே வெந்துவிடும். வெளியில் பார்த்தால் சைடுவாலைச் சுற்றி மங்கலாக ஒரு வளையம் தெரியும், சில சமயம் அதுகூடத் தெரியாது. அந்த டயரை ரிம்மிலிருந்து கழற்றி, லைட்டை உள்ளே பிடித்துச் சாய்த்தால் காப்பித் தூள் மாதிரிக் கறுப்புத் துகள் சரசரவென்று கையில் கொட்டும். அது தேய்ந்து உதிர்ந்த லைனர். விரலால் தடவிப் பார்த்தால் வழவழப்பாக இருக்க வேண்டிய இடம் சொரசொரப்பாக, சுருக்கம் விழுந்து இருக்கும். மோசமாக இருந்தால் நூல் அடுக்கே வெளியே தெரியும். இப்படிப்பட்ட டயரில் ஆணி ஓட்டை குண்டூசி அளவுதான் என்றாலும், எவ்வளவு நன்றாக ஒட்டினாலும், பலன் இல்லை. ஓட்டை நிற்கும், சைடுவால் நிற்காது. வெளியிலிருந்து குச்சி சொருகுகிறவருக்கு இதெல்லாம் தெரியவே வழியில்லை. டயர் கழலவே இல்லையே!

உங்கள் டயர் தினமும் இரண்டு மூன்று பிஎஸ்ஐதான் இறங்குகிறது, நீங்களும் விடாமல் காற்றடித்திருக்கிறீர்கள். ஆகவே உள்ளே கெட்டிருக்க வாய்ப்புக் குறைவு. கெடவில்லை என்று மட்டும் என்னால் சொல்ல முடியாது. நீங்கள் அனுப்பிய படத்தில் ஆணி நடு வரிசைக்குப் பக்கத்தில் இருப்பது தெரிகிறது, அது நல்ல சேதி. உள்பக்கத்தை எந்தப் படமும் சொல்லாது.

குச்சியைப் பற்றி நியாயமாகப் பேசிவிடலாம். பசை தோய்த்த பிரவுன் நிறக் கயிற்றை ஊசியில் கோத்து, ஓட்டையை முறுக்குக் கம்பியால் ராவி, வெளியிலிருந்து குத்தி இறக்குகிறார்கள். பத்து நிமிஷ வேலை. நடுராத்திரியில் உளுந்தூர்பேட்டை தாண்டி ஆள் இல்லாத இடத்தில் பங்க்சர் ஆனால் அந்தக் குச்சி உங்களை ஊர் சேர்க்கும்; அதன் அருமையை நான் குறைத்துப் பேச மாட்டேன். சந்தேகமில்லாமல் தெரிந்த குறைகள் இரண்டு. ஒன்று, மேலே சொன்னபடி உள்ளே பார்க்கவில்லை. இரண்டு, குச்சி லைனரை ஒட்டி மூடுவதில்லை, ஓட்டைக்குள் நெருக்கிக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான். அதன் ஓரமாகக் காற்று கசியலாம், மழைத் தண்ணீர் எஃகு அடுக்குவரை இறங்கலாம். ராவும் கம்பியைக் கோணலாகப் பிடித்துவிட்டால் நல்ல எஃகு இழைகளும் சேர்ந்து அறுபடும். உறுதியாகச் சொல்ல முடியாதது, ஒரு குச்சி எத்தனை நாள் தாங்கும் என்பது. குச்சி போட்டுவிட்டு டயர் மொட்டையாகும்வரை ஓட்டியவர்கள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள். அவர்கள் சொல்வது பொய்யில்லை. தேய்ந்த டயரை மாற்ற வரும்போது பழைய குச்சி அப்படியே கெட்டியாக இருப்பதை நானும் பார்த்திருக்கிறேன். குச்சியைச் சுற்றித் துருக்கறை படிந்து, அந்த இடத்தில் பட்டன் மேலே உப்பிக்கொண்டு வந்த டயர்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டில் உங்கள் டயர் எந்தப் பக்கம் போகும் என்று வெளியில் நின்று சொல்ல யாராலும் ஆகாது. ஊருக்குள் நாற்பதில் ஓட்டும்போது குச்சி பிடி விட்டால் ஓரம் கட்டிவிடலாம். நூறில், நான்கு பேரும் மூட்டை முடிச்சும் இருக்கும்போது பிடி விட்டால் அது வேறு கதை.

ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது மஷ்ரூம் பேட்ச். கடையில் இப்படிச் சொன்னாலே புரியும். வட்டமான ரப்பர்த் தொப்பி, அதன் நடுவிலிருந்து நீளும் ஒரு காம்பு. காம்பு ஓட்டையை அடைக்கிறது, தொப்பி உள்ளேயிருந்து லைனரை மூடுகிறது. இரண்டும் வேண்டும். வெறும் பேட்ச் மட்டும் உள்ளே ஒட்டினால் வெளியிலிருந்து தண்ணீர் ஓட்டை வழியாக எஃகுவரை போகும். வெறும் குச்சி போட்டால் லைனர் மூடாது. காம்பு, தொப்பி இரண்டும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்று தரங்கள் வலியுறுத்துவது இதனால்தான். குச்சிக்கு ஆகும் காசைப் போல இரண்டு மூன்று மடங்கு கேட்பார்கள், ஊருக்கு ஊர் மாறும். கொடுத்துவிடுங்கள்.

வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். நல்ல பிட்டர் முதலில் ஆணி இருக்கும் இடத்தில் சாக்பீஸால் வட்டம் போடுவார், வால்வுக்கு நேராக டயரிலும் ஒரு கோடு இழுப்பார். ஆணியைப் பிடுங்கும்போது அது எந்தச் சாய்வில் வருகிறது என்று கவனிப்பார், ஏனென்றால் ராவும் கம்பியும் அதே சாய்வில்தான் போக வேண்டும். ஆணி ரொம்பச் சாய்வாக ஏறியிருந்தால், அதாவது நேர்க்குத்திலிருந்து 25 டிகிரிக்கு மேல் என்றால், காம்பையும் பேட்சையும் தனித்தனியாகப் போடுவதுதான் முறை. டயரைக் கழற்றியதும் உள்ளே லைட் அடித்துச் சுற்றிலும் பார்ப்பார். அப்புறம் ஓட்டையைச் சுற்றி பேட்சைவிடக் கொஞ்சம் பெரிய வட்டத்துக்கு லைனரைச் சுரண்டித் துடைத்து, மெதுவாகச் சுற்றும் பஃபிங் கல்லால் தேய்ப்பார். பளபளப்புப் போய், மெல்லிய வெல்வெட் துணியைத் தொடுவதுபோல இருக்கும்வரை தேய்க்க வேண்டும். நூல் தெரியும் அளவுக்குப் போனால் டயரைக் கெடுத்துவிட்டார் என்று அர்த்தம். தேய்த்த தூளைப் பிரஷ்ஷாலோ வேக்குவத்தாலோ எடுக்க வேண்டும். கம்ப்ரஸர் காற்றை அடித்து ஊதினால் குழாயில் இருக்கும் தண்ணீரும் எண்ணெயும் அந்த இடத்தில் படியும், அதன்மேல் எது ஒட்டும்?

அடுத்து சொல்யூஷன், அதாவது பேட்சை ஒட்டும் பசை. நம் ஊர்க் கடைகளில் அதிகம் தவறுவது இங்கேதான். சொல்யூஷனை மெல்லிசாகத் தடவிவிட்டு, விரல் முட்டியால் தொட்டால் பசபசவென்று இருக்கும் ஆனால் கையோடு வராது என்ற பதம்வரை காத்திருக்க வேண்டும். சில நிமிஷங்கள் ஆகும். அவசரத்தில் ஈரமாக இருக்கும்போதே பேட்சை வைத்து அழுத்தினால் அடியில் கரைப்பான் சிக்கிக்கொள்ளும், டயர் சூடானதும் குமிழி எழும்பிப் பேட்ச் விடும். நீங்கள் கூடவே நின்று, "அண்ணே, நல்லா காயட்டும், எனக்கு அவசரம் இல்ல" என்று ஒரு வார்த்தை சொன்னால் அவரும் நிதானமாகச் செய்வார். பதம் வந்ததும் காம்பை உள்ளேயிருந்து வெளியே இழுத்து, தொப்பி பதிந்தவுடன் சின்ன பல் உருளையால் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தி அழுத்தி உருட்டுவார். காற்று அடியில் நிற்கக் கூடாது. வெளியே நீளும் காம்பை இழுத்துப் பிடிக்காமல் பட்டன் மட்டத்துக்கு வெட்டிவிடுவார். டயரை மறுபடி ரிம்மில் ஏற்றும்போது சாக்பீஸ் கோட்டை வால்வுக்கு நேராக வைத்து, காற்றடித்து, ஒட்டிய இடம், வால்வு, ரிம் ஓரம் மூன்றிலும் சோப்புத் தண்ணீர் விட்டுப் பார்க்க வேண்டும். வீல் பேலன்சிங்கும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். அலைன்மென்ட் வேண்டாம், ஆணி ஏறியதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

பக்கத்தில் நில்லுங்கள் என்று சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரு பங்க்சரோடு போனவரிடம் நாலு பங்க்சர் என்று காட்டிக் காசு வாங்குவது நெடுஞ்சாலை ஓரத்தில் சில இடங்களில் நடக்கிறது. சோப்புத் தண்ணீர் சோதனையை நீங்களே பார்த்தால் அந்தச் சந்தேகமே வராது. பெங்களூரு அவுட்டர் ரிங் ரோட்டில் ஒருவர் காந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு கிலோக் கணக்கில் ஆணி பொறுக்கியது செய்திகளில் வந்ததால், பங்க்சர் கடைக்காரர் என்றாலே ஆணி போடுகிறவர் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். வெயிலில் உட்கார்ந்து நேர்மையாகப் பிழைக்கிறவர்களே மிகப் பெரும்பாலானவர்கள். அந்தச் சந்தேகத்தோடு அவர்களிடம் பேசாதீர்கள்.

உங்கள் காரில் டயர் பிரஷர் எச்சரிக்கை இருந்தால், டயரைக் கழற்றுவதற்கு முன்பே பிட்டரிடம் சொல்லிவிடுங்கள். சில கார்களில் சென்ஸர் வால்வின் உள்பக்கத்திலேயே இருக்கும், மெஷின் கை பட்டால் உடையும். அந்த எச்சரிக்கை விளக்கையே நம்பியும் இருக்க வேண்டாம். அமெரிக்க விதிப்படி, இருக்க வேண்டிய காற்றில் 25 சதவீதம் குறைந்தால் விளக்கு எரிய வேண்டும். அந்தக் கணக்கில் 32 பிஎஸ்ஐ டயர் 24-க்கு வரும்வரை அது பேசாமல் இருக்கலாம். பங்க்சரே ஆகாது என்று டயருக்குள் ஊற்றும் ஜெல்லையும் நான் சிபாரிசு செய்வதில்லை. பின்னால் ஒட்ட வேண்டி வந்தால் லைனர் முழுக்க அதைத் துடைத்தெடுப்பதே பெரும்பாடு, பேலன்சிங்கும் நிற்காது. இன்னொரு யோசனையும் உங்களுக்கு வரும்: "டியூப்லெஸ்ஸில் ஒரு டியூபைப் போட்டுவிடுங்க சார், தொல்லை தீர்ந்துது." வேண்டாம். அந்த டயரின் உள்பக்கம் டியூபுக்காகச் செய்ததல்ல. டியூப் உரசிச் சூடாகும். டியூப்லெஸ்ஸில் ஆணி ஏறினால் காற்று மெதுவாக இறங்கும், உங்களுக்கு இத்தனை நாள் அவகாசம் கிடைத்ததே அதனால்தான். டியூப் கிழிந்தால் காற்று ஒரேயடியாகப் போகும்.

சர்வீஸ் சென்டர்காரர் ஏன் மாற்றச் சொன்னார்? டயர் விற்றால் அவருக்கு லாபம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒட்டிய டயருக்குப் பொறுப்பேற்க வேண்டாம் என்ற எச்சரிக்கையும் இருக்கும். ஒட்டிய டயரை அதன் முழு வேகத் தரத்தோடு (அந்த டயருக்கு வகுத்த உச்ச வேகத்தோடு) ஏற்றுக்கொள்வதா என்பதில் டயர் கம்பெனிகளே ஒத்துப்போவதில்லை. நம் நூறு கிலோமீட்டர் வேகத்துக்கு, சரியாக ஒட்டியிருந்தால், அது என்னைத் தடுக்காது. ஆனால் சில நிலைகளில் அவர் சொல்வதுதான் சரி. பள்ளத்தின் நடுவில் இருக்கும் தேய்மானக் கட்டை அளவுக்குப் பட்டன் வந்துவிட்டால், அதாவது 1.6 மில்லிமீட்டர் என்றால், சட்டப்படியும் அந்த டயர் ஓடக் கூடாது, ஒட்டுவதற்குக் கொடுக்கிற காசு வீண். சைடுவாலில் புடைப்பு இருந்தாலும், பழைய ஒட்டுக்குப் பக்கத்திலேயே இந்த ஆணி ஏறியிருந்தாலும் மாற்றிவிடுங்கள். டயரின் வயதைச் சைடுவாலில் டிஓடி என்று தொடங்கும் வரியின் கடைசி நான்கு இலக்கங்களில் பார்க்கலாம். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. ஆறு வருஷம் தாண்டி, பட்டன் இடுக்கில் மயிர் வெடிப்பும் விழுந்திருந்தால் நானாக இருந்தால் ஒட்ட மாட்டேன். மாற்றுவதாக இருந்தால் அதே அளவு, அதே மாடல் பாருங்கள். ஜோடியாக இரண்டு வாங்கினால் புது ஜோடியைப் பின்னால் போடுங்கள், முன்சக்கரம் இழுக்கிற வண்டியாக இருந்தாலும். ஈர ரோட்டில் பின்பக்கம் வழுக்கினால் ஸ்டீயரிங்கால் மீட்பது மிகவும் கஷ்டம்.

கிளம்புவதற்கு முன் ஸ்டெப்னியிலும் காற்றைப் பாருங்கள், பல கார்களில் அது வருஷக்கணக்கில் தொடாமல் கிடக்கும். மற்ற டயர்களைவிட ஒல்லியான ஸ்டெப்னி என்றால் அதில் 80-க்கு மேல் போகக் கூடாது, அதன்மேலேயே எழுதியிருக்கும். 2020-இல் வந்த விதித் திருத்தப்படி, டயர் பிரஷர் எச்சரிக்கையும் ரிப்பேர் கிட்டும் இருந்தால் டியூப்லெஸ் கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை. ஆகவே உங்கள் வண்டியில் எது இருக்கிறது என்று டிக்கியைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

பயணம் அடுத்த வாரம்தானே, ஒட்டும் வேலையை நாளைக்கே முடியுங்கள். முடித்த மறுநாள் காலையில், வண்டி எடுப்பதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கடுத்த இரண்டு மூன்று நாளும் அதே நேரத்தில் பாருங்கள். மற்ற மூன்று டயர் எப்படி இருக்கிறதோ அதுவும் அப்படியே இருந்தால் கிளம்பலாம். அது மட்டும் இறங்கினால் அதே கடைக்குக் கொண்டுபோய் மறுபடி கழற்றச் சொல்லுங்கள்.